பணியை ஒப்படைக்கலாம், பொறுப்பை?

மேல்நிலை வணிகவியல் வகுப்பில் ‘அவுட்சோர்சிங்’ எனப்படும் அயல்பணி ஒப்படைப்பைக் கற்பிக்கும்போது, நன்மை ஐந்து, தீமை ஐந்து என மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எந்த வேலையை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்த எல்லையை அவர்களே வரையப் பழக்குவது இப்பாடத்தின் நோக்கம்.

அறிமுகம்: மூன்று கவுன்டர்கள்

வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர்கள் உள்ள குடும்பத்து மாணவர்களிடம் பாஸ்போர்ட் எடுத்த அனுபவத்தைக் கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். வெளியுறவு அமைச்சகம் 2010 மே மாதம் பாஸ்போர்ட் சேவைத் திட்டத்தைத் தொடங்கியது. கணினி அமைப்பை உருவாக்கி நடத்தும் பணி, போட்டி ஒப்பந்தப்புள்ளி வழியாக டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. சேவை மையத்தின் ‘ஏ’ கவுன்டரில் நிறுவன ஊழியர்கள் ஆவணங்களைப் பதிவு செய்து, புகைப்படமும் கைரேகையும் எடுக்கிறார்கள். ‘பி’ கவுன்டரில் ஆவணங்களைச் சரிபார்ப்பவரும், ‘சி’ கவுன்டரில் முடிவெடுப்பவரும் அரசு அலுவலர்களே. தரவுத்தளமும் மென்பொருளும் அமைச்சகத்தின் உடைமை.

வேலை வெளியே சென்றது. முடிவெடுக்கும் உரிமையும் தரவும் உள்ளேயே நின்றன. கரும்பலகையில் இந்தக் கோட்டை வரைந்துவிட்டு நன்மை தீமைகளுக்குச் செல்லலாம்.

நன்மைகள்

1. கணினி, ஆட்கள், பயிற்சி ஆகியவற்றுக்கான முதலீடு குறையும்.
2. சிறிய நிறுவனத்துக்கும் தேர்ந்த வல்லுநர்களின் உதவி கிடைக்கும்.
3. நேர வேறுபாடு பயன்படும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கு மாலை 6.30 அல்லது 7.30. அங்கு அலுவலகம் மூடியிருக்கும்போது இங்கு வேலை நடக்கும்.
4. வேலைவாய்ப்பு பெருகும். நம் விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

தீமைகள்

1. வாடிக்கையாளர் விவரங்கள் பிறர் கைக்குச் செல்லும்.
2. சொந்த ஊழியர்களின் திறன் மங்கி, ஒப்பந்த நிறுவனத்தையே சார்ந்திருக்க நேரும்.
3. ஒப்பந்த நிறுவனம் தடுமாறினால் நாமும் தடுமாறுவோம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு கணக்குகளில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டபோது, உலகெங்கும் அதனிடம் பணியை ஒப்படைத்திருந்த நிறுவனங்கள் கலங்கின.
4. ஊழியருக்கு இரவுப் பணி. வெளிநாட்டில் ஓர் ஒப்பந்தம் முடிந்தால் இங்கு வேலை ஆட்டம் காணும்.

செயல்பாடு: ஆலை முதலாளியின் கணக்கு

மணிலா வாங்கி எண்ணெய் ஆட்டும் ஓர் ஆலையைக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். கணினி வேலைக்குத் தனியாக ஆள் வைத்தால் மாதம் ரூ.20,000, வெளி நிறுவனத்துக்குக் கொடுத்தால் ரூ.12,000. ஆண்டுச் சேமிப்பு ரூ.96,000. மாணவர்கள் உடனே ‘வெளியே கொடுக்கலாம்’ என்பார்கள்.

இப்போது அடுத்த வரியைச் சேருங்கள்: அறுவடைக் காலத்தில் பில் போடும் மென்பொருள் நின்றால் நாள் ஒன்றுக்கு ரூ.30,000 இழப்பு, பழுது நீக்க நான்கு நாள் ஆகிறது. இழப்பு ரூ.1,20,000. சேமிப்பு முழுவதும் போய், மேலும் ரூ.24,000 கையை விட்டுப் போகிறது.

‘அப்படியானால் கொடுக்கவே கூடாதா?’ என்று கேளுங்கள். பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், தவறினால் அபராதம் எவ்வளவு, தரவின் நகல் யாரிடம் இருக்கும், ஒப்பந்தம் முடிந்தால் தரவை எப்படித் திருப்பித் தருவார்கள் என்ற நான்கு நிபந்தனைகளையும் குழுவாக எழுதச் செய்யுங்கள்.

மதிப்பீடு

மென்பொருள் பராமரிப்பு, சம்பளப் பட்டியல் தயாரித்தல், கடன் ஒப்புதல், வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதிலளித்தல், கடவுச்சொல் பாதுகாப்பு ஆகியவற்றை ‘கொடுக்கலாம்’, ‘கூடாது’, ‘நிபந்தனையுடன்’ என வகைப்படுத்திக் காரணம் எழுதச் சொல்லலாம். விடை மாறுபட்டாலும் காரணம் சரியாக இருந்தால் மதிப்பெண் வழங்கலாம்.

நம் மாணவர்களில் சிலர் நாளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள்; பலர் அந்த ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்வார்கள். இரு சாராருக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அதற்கு இந்த ஒரு பாடவேளை உதவும்.