குழி வேண்டாம், மேடு கட்டுங்கள்
பாரிட் புந்தார் வட்டார வீட்டுக் கொல்லைகளுக்குப் புரட்டாசி, ஐப்பசிப் பருவ ஆலோசனை

அக்டோபர் பிறந்துவிட்டது. பிற்பகலில் வானம் கறுத்து, மாலையில் இடியோடு கொட்டும் மழை இனி நவம்பர் கடைசி வரை அடிக்கடி வரும். கிரியான் மாவட்டத்துக்கு ஆண்டின் பெரிய மழை இந்த இரண்டு மாதங்களில்தான். தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று நிலைகொள்வதற்கு இடைப்பட்ட காலம் இது. வடகிழக்குக் காற்று வலுத்துவிட்டால் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் வரும். நம் பக்கத்தை நடுவிலுள்ள மலைத்தொடர்கள் மறைத்துக்கொள்வதால் மழை மெல்லக் குறைந்து, தை மாசியில் களிமண் வெடிப்பு விடும். ஆகையால் கார்த்திகை வரை தண்ணீரை வெளியேற்றுவதும், மார்கழிக்குப் பிறகு அதைக் காப்பாற்றுவதும்தான் இங்கே கொல்லை வைத்திருப்பவரின் வேலை. குளிர்நாட்டுக்காரர்கள் இதே மாதங்களில் இலை கூட்டுவதையும் கிழங்கு புதைப்பதையும் காணொளியில் பார்த்துவிட்டு இங்கே செய்ய வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்கிறேன். இந்த மண்ணில் குழி வெட்டி நடாதீர்கள். மேடு கட்டி நடுங்கள்.

ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகப் படும். அங்கே சரிவான செம்மண். பெய்த மழை ஓடிவிடும். குழி வெட்டி, எரு போட்டு, கன்றை வைத்தால் வேரடியில் ஈரம் நிற்கும், செடி பிழைக்கும். அந்தப் பழக்கத்தோடு இந்தப் பக்கம் குடிவந்து, தாமான் வீட்டின் பின்புறத்தில் அதே மாதிரி குழி வெட்டி முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. இங்கே மண் கடலோரக் களி. நிலம் தட்டை. வெட்டிய குழி ஒரே மழையில் நிரம்பி, நாள்கணக்கில் வடியாமல் நிற்கும். வேர் மூச்சு விட முடியாமல் அழுகும். ‘எங்கள் வீட்டு மண்ணுக்கு முருங்கை வராது’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த வட்டாரம் முழுவதுமே வாய்க்காலால் உருவான ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் மக்களைக் கொண்டுவந்து இறக்கிய கிரியான் கரும்புத் தோட்டங்கள் நீரை வடித்து எடுத்த தாழ்நிலத்தில்தான் நின்றன. பிறகு 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிந்து நெல்வயல்களுக்குப் பாசனம் வந்தது. தண்ணீர் எங்கே வர வேண்டும், எங்கே போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் இந்த நிலத்தில் எதையும் விளைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டின் இருபது அடிக் கொல்லைக்கும் அதே முறைதான்.

இந்த வாரமே, மண் ஓரளவு காய்ந்திருக்கும் ஒரு காலை நேரத்தில், மண்வெட்டியை எடுங்கள். மூன்று நான்கடி அகலத்தில் பாத்தி, ஓரடி உயரம். இரண்டு பாத்திக்கும் நடுவில் மண்வெட்டி அகலத்துக்கு ஒரு கால்வாய். அந்தக் கால்வாய் மண்தான் பாத்தியின் உயரமாக மாறும். வெளியிலிருந்து மண் வாங்க வேண்டியதில்லை. எல்லாக் கால்வாயும் வீட்டு லோங்காங்கை (வடிகாலை) நோக்கிச் சரிய வேண்டும். அதோடு அந்த லோங்காங்கில் இலை, பிளாஸ்டிக் பை, சேறு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே வேளையில் வந்தால் தாழ்வான இடங்களில் தண்ணீர் வடிய நேரமாகும். அடைப்பும் சேர்ந்துகொண்டால் கொல்லை குளமாகும்.

மழை விட்டவுடன் பாத்தியில் இறங்கக் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். வழுவழுப்பாக மினுங்கிக் கையில் ஒட்டினால் அன்றைக்கு வேலை வேண்டாம். ஈரக் களியை மிதித்தால் காய்ந்த பின் செங்கல்தான். பொலபொலவென்று உதிரும் பக்குவத்தில் கொத்தினால் பாதி உழைப்பு மிச்சம்.

களியை இளக்க நமக்கு இருக்கும் வசதி வேறு பல ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. சுற்றிலும் வயல், அரிசி ஆலை. கருக்கிய உமி களிமண்ணில் காற்றோட்டம் தரும். பாத்தி மண்ணோடு கிளறிவிடலாம். அறுவடை முடிந்த வயலில் கிடக்கும் வைக்கோலை, வயல்காரரிடம் கேட்டு, இரண்டு சாக்கு கொண்டு வாருங்கள். செடி முளைத்து நின்ற பிறகு பாத்தியின் மேல் பரப்பினால் மழைத்துளி மண்ணை இறுக்காது, சேறு தெறித்து இலையில் நோய் பரவாது. தண்டிலிருந்து ஒரு கையகலம் விலக்கியே பரப்ப வேண்டும். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். கொல்லைக் குப்பையையும் வைக்கோலையும் கொளுத்தும் வழக்கத்தை விடுங்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. அதையும் விட, எரித்தால் போவது உங்கள் மண்ணுக்குச் சேர வேண்டிய சத்து.

கடலோரக் களியில் பல இடங்களில் புளிப்பு அதிகம். கத்தரியும் தக்காளியும் குட்டையாகவே நின்றுவிட்டால் சுண்ணாம்பு போட்டுப் பாருங்கள். தோட்டக் கடைகளில் விற்கும் விவசாயச் சுண்ணாம்புத் தூளை வாங்கி, ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி அளவில் தூவிக் கிளறி, இரண்டு மூன்று வாரம் விட்டு நடுங்கள். யூரியாவும் கோழி எருவும் அதே நாளில் போடாதீர்கள். சுண்ணாம்போடு சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

மழை நாளில் கீழ் இலை மஞ்சளாவதைக் கண்டதும் உரத்தை அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. நீரில் நின்ற வேரால் சத்தை எடுக்க முடியவில்லை என்பதுதான் பெரும்பாலும் அந்த மஞ்சள். முதலில் தண்ணீரை வடியுங்கள். பிறகு மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரம் கொடுங்கள். கோழி எருவை மட்கவைத்த பிறகே போட வேண்டும். எருக்குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் அதன் சாரம் முழுவதும் லோங்காங்குக்குத்தான் போகும்.

இனி மரங்களுக்கு வருவோம். முருங்கையின் கிளை எளிதில் முறியும். பலத்த காற்றுக்கு முன்னால் நாலைந்தடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும், நீர் தங்காது. வெட்டிய போத்துகளை இரண்டு நாள் நிழலில் வைத்து, மேட்டில் நட்டால் பிடிக்கும். மிஞ்சிய போத்தை அண்டை வீட்டுக்குக் கொடுங்கள். வெட்டிய மரம் துளிர்த்துவரும்போது கை எட்டும் உயரத்தில் கீரை கிடைக்கும்.

கறிவேப்பிலையில் புதுத் துளிர் வரும் காலம் இது. வண்ணத்துப்பூச்சிப் புழுவும் வரும். சின்னதில் பறவை எச்சம் போலவும் பெரிதானதும் பச்சையாகவும் இருக்கும். இலையைச் சமையலுக்குப் பறிப்பதால் மருந்து அடிக்காதீர்கள். காலையில் கையால் எடுத்துப் போட்டாலே போதும். கறிவேப்பிலைத் துளிரில் சாறு உறிஞ்சும் சிறிய தத்துப்பூச்சி ஒன்று எலுமிச்சை, கஸ்தூரி எலுமிச்சை மரங்களுக்குப் பசுமையாக்கல் நோயைக் கொண்டுபோகும். இரண்டையும் ஒட்டி வைத்திருப்பவர்கள் கறிவேப்பிலையைக் கவாத்து செய்து, துளிரைக் கண்காணித்து வாருங்கள். தாய்மரத்தின் அடியில் முளைத்திருக்கும் கன்றுகளை வேரோடு பிரித்து நடுவதற்கு இந்த ஈரமே நல்லது.

வாழைப் புதரில் தாய் ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று, சிறு கன்று ஒன்று என்று மூன்று போதும். மற்றதை வெட்டுங்கள். தார் விட்ட மரத்துக்கு முட்டுக் கொடுங்கள். கடைசிச் சீப்பு வெளிவந்ததும் பூவை ஒடித்துவிடுங்கள். பூவுக்கு வரும் பூச்சிகள் மரத்துக்கு மரம் பாக்டீரியா வாடல் நோயைக் கடத்துகின்றன. ஒடித்த பூ சமையலுக்கு ஆகும். இலை வாடி, காயை நறுக்கினால் உள்ளே செம்பழுப்பாக இருக்கிற மரத்திலிருந்து கன்று எடுக்கவே கூடாது. அதை வெட்டிய கத்தியை குளோரோக்ஸ் கலந்த நீரில் கழுவாமல் அடுத்த மரத்தைத் தொடவும் கூடாது.

விதைப்புக்குப் பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பறங்கிக்கு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். அக்டோபர் முதல் வாரங்களில், மேட்டில் விதையுங்கள். புரட்டாசி தாண்டினால் பொங்கலுக்குக் காய் எட்டாது. வெண்டியும் பயத்தங்காயும் ஏறக்குறைய ஐம்பது நாளில் காய்க்கும். பெருமழை தணியத் தொடங்கும் நவம்பர் நடுவில் விதைத்தால் ஜனவரி முதல் வாரத்திலிருந்து பறிக்கலாம். பயத்தங்காய்க்குப் பந்தலை இப்போதே கட்டி வையுங்கள். மிளகாயை இப்போது திறந்த பாத்தியில் நடாதீர்கள். மழையில் பழம் அழுகும் நோய் வந்துவிடும். கூரைக்கு அடியில் தட்டில் விதைத்து, நாற்று நாலைந்து வாரமானதும் இரண்டடி இடைவெளி விட்டு நட்டால் வெயில் தொடங்கும்போது செடி நிமிர்ந்து நிற்கும். கங்கோங் எந்த மழைக்கும் அஞ்சாது, ஒரு மாதத்தில் அறுக்கலாம். முளைக்கீரையை வலைக்குக் கீழே அடர்த்தியில்லாமல் விதைக்க வேண்டும். புரட்டாசியில் சைவம் இருக்கும் வீடுகளுக்கு இந்த இரண்டும் பெரிய உதவி.

சித்திரை வைகாசியில் நட்ட மஞ்சள் இப்போது தழைத்து நிற்கும். அதன் அடியில் மண் அணைத்து, சுற்றிலும் கால்வாய் எடுத்துவிடுங்கள். நீர் நின்றால் கிழங்கு அழுகும். பொங்கல் பானைக்குக் கட்டும் மஞ்சள் கொத்தைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறோம். பத்துக் கிழங்கு நட்ட வீட்டுக்கு அந்தச் செலவு இல்லை.

சிமெண்டு போட்ட முற்றத்தில் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்கள், தொட்டியைச் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அடித்துளையை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். அடித்தட்டை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தட்டு வெறும் செடி விஷயமல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும். முட்டையோ தண்ணீர் வற்றிய பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருநாள் குறித்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயின் மடிப்பு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, வெட்டிய மூங்கில், கவிழ்க்காமல் விட்ட வாளி எல்லாவற்றையும் பாருங்கள். மழைநீர்த் தொட்டிக்கு வலை கட்டுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் சுகாதாரத் துறை அபராதம் விதிக்கலாம். அபராதத்தைவிட அஞ்ச வேண்டியது டெங்கிதான்.

நத்தைகளும் இந்த மழையில்தான் பெருகும். பெரிய ஆப்பிரிக்க நத்தையை இருட்டிய பின் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். எலியிடமிருந்து வரும் ஒருவகைப் புழு அதன் உடலில் இருக்கும். அது மனித மூளையைப் பாதிக்கக்கூடியது. பறித்த கீரையை இலை இலையாகக் கழுவுவதும் இதற்காகத்தான். உப்பைக் கொட்டி நத்தையைக் கொன்றால் பாத்தி கெடும். வாய்க்கால் ஓரக் கங்கோங்கில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது தங்க ஆப்பிள் நத்தையின் முட்டை. கண்ட இடத்தில் நசுக்கிவிடுங்கள், வயல்காரருக்கும் அது நன்மை.

வயல் வடிகால் தண்ணீரை எடுத்துக் கீரைக்கு ஊற்ற வேண்டாம். அதில் பூச்சிமருந்தும் இருக்கும், எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். லோங்காங்கில் இறங்கும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள். காலில் காயம் இருந்தால் அன்று இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் வயல் சூழ்ந்த ஊர்களில் சாதாரணமாகவே தலைகாட்டும் நோய். முதலில் வெறும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி என்றுதான் தெரியும். சேற்றில் வேலை செய்த பிறகு வரும் நாட்களில் காய்ச்சல் கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டைச் சுற்றிக் கொசு இருப்பதையும் லோங்காங் சேற்றில் இறங்கியதையும் டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லுங்கள்.