எதை முதலில் வாங்கலாம்?

தம்பானூர் திருவனந்தபுரத்தின் வாசல் போன்றது. சாலைக்கு ஒரு பக்கம் ரயில் நிலையம். எதிர்ப் பக்கம் பேருந்து நிலையம். எப்போதும் கூட்டம்.

இங்கே ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அக்கா அதை நடத்துகிறார். விண்ணப்பம் அனுப்புகிறார். டிக்கெட் எடுத்துத் தருகிறார். எல்லாம் ஒரே ஒரு பழைய கணினியில்தான்.

அந்தக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. ரயிலுக்கு நேரமானவர் காத்திருப்பாரா? அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். அக்காவின் வருமானம் குறைகிறது.

சேர்த்து வைத்த பணம் 3,000 ரூபாய் இருக்கிறது. ஒரு பொருள்தான் வாங்கலாம். கணினி பழுது பார்க்கும் தம்பியை அக்கா அழைத்தார்.

"தம்பி, புது பிராசசர் போட்டால் வேகம் வருமாமே?"

"அவசரப்படாதீங்க அக்கா. என்ன நோய் என்று தெரியாமல் மருந்து வாங்கலாமா? உங்கள் கடையையே பாருங்க. பிராசசர் என்பது வேலை செய்யும் ஆள். ராம் என்பது மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது அலமாரி. எது வேலையைத் தடுக்கிறது என்று பார்ப்போம்."

கணினி மெதுவாக இருந்த நேரத்திலேயே தம்பி சோதித்தார். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினார். விண்டோஸ் கணினியில் இப்படிச் செய்தால் ஒரு பட்டியல் வரும். எது எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று அதில் தெரியும்.

1. ராம் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா? மேசை போதவில்லை. ராம் வாங்குங்கள்.

2. ராமில் இடம் இருக்கிறது. ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அலமாரி மெதுவாகத் திறக்கிறது. எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். ஹார்ட் டிஸ்கில் தட்டு சுழல வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. அதனால் வேகம் அதிகம்.

3. பிராசசர் எப்போதும் 100 சதவீதமா? தேவையில்லாமல் ஓடும் நிரல்களை முதலில் நிறுத்துங்கள். இதற்குச் செலவில்லை.

அக்காவின் கணினியில் ராம் 55 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம்.

"பிராசசர் வாங்கியிருந்தால் பணம் வீண்தானே தம்பி!"

"ஆமாம் அக்கா. எஸ்.எஸ்.டி.தான் முதலில். ஆனால் அதற்கு முன் உங்கள் கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வையுங்க."

இன்னொரு செய்தியும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய கணினியில் விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். ஓடாவிட்டால் லினக்ஸ் இருக்கிறது. அதை இலவசமாகப் பெறலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள்.

வாங்கும்போது கவனியுங்கள்

• ராமில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.
• விலை அடிக்கடி மாறும். இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள்.
• ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ராமை மேசை என்று தம்பி ஏன் சொன்னார்?
2. சோதிக்காமல் வாங்கியிருந்தால் அக்காவுக்கு என்ன நஷ்டம்?
3. தையல் இயந்திரம், மோட்டார் போன்றவை பழுதானால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?