பழைய காரில் தீராத ஆயில் லீக்: செலவு பண்றதுக்கு முன்னாடி இடத்தைக் கண்டுபிடிங்க

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷத்துல செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்க நம்மில் நிறைய பேர். வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பார்க்கிங்ல தினமும் ஒரு கறுப்புச் சொட்டு. ஒரு மெக்கானிக் "மேல பேக்கிங் போச்சு"ன்னு சொல்வார். இன்னொருத்தர் "கியர்பாக்ஸை இறக்கணும்"னு சொல்வார். ரெண்டு வேலைக்கும் பில்லில் பல மடங்கு வித்தியாசம்.

இன்றைய பாடம் ஒன்றுதான்: சரிபண்ணப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, எங்கிருந்து கசியுதுன்னு உறுதி பண்ணுங்க.

சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற

ஆயில் மேலிருந்து கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். அதனால் இன்ஜினின் உச்சியில் உள்ள டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தால்கூட, எண்ணெய் பின்பக்கமாக இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவருக்கு அது கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போனது மாதிரியே தெரியும். அந்த சீலின் விலை குறைவு. ஆனால் அதை மாற்றப் பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். லேபர்தான் பெரிய செலவு. அவ்வளவும் செலவழித்த பிறகு மறுவாரமே அதே சொட்டு விழுந்தால்? கேஸ் தீரவில்லை, பணம் மட்டும் தீர்ந்தது.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா நாங்க கடைசி வரியைத் திருத்த மாட்டோம், தப்பு எந்த என்ட்ரியில் ஆரம்பிச்சதுன்னு தேடுவோம். இங்கேயும் அதேதான். ஈரம் இருக்கிற இடங்களில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கிற இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

கண்டுபிடிக்கும் வழி

1. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரிச்சு வையுங்க. நிறமில்லாத தண்ணீர்னா ஏசி தண்ணீர். பச்சை அல்லது பிங்க் நிறத்தில் நீர்த்து இருந்தா கூலண்ட். பழுப்பு அல்லது கறுப்பாகப் பிசுபிசுன்னு இருந்தாத்தான் இன்ஜின் ஆயில்.

2. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வையுங்க. லெவல் குறையுது, ஆனா கீழே சொட்டு இல்லை, புகை நீலமா வருதுன்னா ஆயில் எரியுதுன்னு சந்தேகப்படணும். அது வேற வியாதி.

3. இன்ஜின் ஆறின பிறகு டிகிரீசர் போட்டு சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஆல்டர்னேட்டர், சென்சார் மேல தண்ணீர் படாம மூடணும். பழைய அழுக்கு இருக்கிற வரை யார் சொல்றதும் யூகம்தான்.

4. 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டிட்டு, டார்ச் அடிச்சு மேலிருந்து கீழே பாருங்க. சந்தேகமான இடத்தில் முகப்பவுடர் தூவினா ஈரக்கோடு பளிச்சுனு தெரியும். ரொம்ப மெதுவான கசிவுன்னா, ஆயிலில் யூவி டை கலந்து சில நாள் ஓட்டி, யூவி லைட்டில் பார்க்கச் சொல்லுங்க.

மலிவான சந்தேக நபர் முதலில்

ஆயில் மூடி, டிப்ஸ்டிக் ரப்பர், டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டேப்பட் கவர் பேக்கிங். இவை எல்லாமே பொதுவாக மலிவான வேலைகள். ஃபில்டர் மாத்தும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கிட்டாலும் ஆயில் கொட்டும்.

பலர் மறக்கிறது பிசிவி வால்வு. இது அடைச்சுக்கிட்டா இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலை வெளியே தள்ளும். இதைப் பார்க்காம சீல் மாத்தினா, புது சீலும் கசிய வாய்ப்பிருக்கு.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் ஆயில் சம்ப், முன்பக்க கிராங்க் சீல், கடைசியா பின்பக்க சீல்.

சரிபண்ணலாமா, அப்படியே ஓட்டலாமா?

ஒரு உதாரணக் கணக்கு. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, 250 மில்லி குறையுது, ஆயில் லிட்டர் 500 ரூபாய்னு வைப்போம். மாசம் 125 ரூபாய், வருஷம் 1,500. ரிப்பேர் எஸ்டிமேட் 12,000 ரூபாய்னா, அந்தப் பணம் திரும்ப 8 வருஷம் ஆகும். சம்பில் லேசா வியர்க்கிற மாதிரி கசிவுன்னா, அளந்து ஊத்திக்கிட்டே ஓட்டலாம்.

ஆனா மூணு இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டினா தீப்பிடிக்கலாம். டைமிங் பெல்ட்டில் பட்டா பெல்ட் கெட்டு அறுந்து, இன்ஜினே போகலாம். கிளட்ச் பிளேட்டில் பட்டா கிளட்ச் வழுக்கும். இங்கெல்லாம் உடனே சரிபண்ணுங்க.

சின்ன கார்களில் மொத்த ஆயிலே சுமார் 3 லிட்டர்தான். ஓடும்போது சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா, ஓரம் கட்டி அப்பவே இன்ஜினை அணையுங்க. வீடு வரைக்கும் ஓட்டிடலாம்னு நினைச்சா இன்ஜின் சீஸ் ஆகலாம். இன்சூரன்ஸ் இருக்கேன்னு நம்பாதீங்க. சாதாரண மோட்டார் பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் பணம் தராது.

பணம் கொடுக்கும் முன் கேளுங்க

- கசியுற இடத்தை போட்டோவில் காட்டச் சொல்லுங்க.
- பார்ட்ஸ், லேபர் தனித்தனியா எழுதின எஸ்டிமேட், முறையான பில், கழட்டின பழைய பார்ட் மூணையும் வாங்குங்க.
- ஒரே லேபரில் வேற என்ன முடியும்னு கேளுங்க. கியர்பாக்ஸ் இறங்கினா கிளட்ச் பாருங்க. முன்பக்க சீல் மாத்தினா டைமிங் பெல்ட் பாருங்க.
- ஆர்சி 15 வருஷம் முடியப்போகுதா? அதைப் புதுப்பிச்சு இன்னும் 5 வருஷம் வெச்சிருப்பீங்களா, வித்துடுவீங்களான்னு முதலில் முடிவு பண்ணுங்க. பெரிய ரிப்பேர் அதுக்கு அப்புறம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செலவு ஒண்ணும் வேண்டாம். ஒரு அட்டை, ஒரு டார்ச், ஒரு நோட்டு போதும். மூணு வாரம் அளந்து எழுதிட்டு மெக்கானிக்கிட்ட போங்க. யூகத்துக்குப் பணம் கட்டாம, வேலைக்கு மட்டும் கட்டலாம்.