கோல்ஃப் மட்டைகளைப் பிரயாணத்திலும் வீட்டிலும் பேணும் முறை

ஒரு சுற்று ஆட்டத்துக்கு ஒருவர் எடுத்துச் செல்லும் மட்டைகள் 14-க்கு மேற்படலாகாது என்பது கோல்ஃப் விதி. அந்தப் பதினான்கும் ஒரே பையில் ஒன்றோடொன்று உராய்ந்தபடி, சென்னையிலிருந்து உதகமண்டலத்துக்கோ, 1895-இல் தோன்றிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்கோ, கடல் கடந்த தேசங்களுக்கோ பிரயாணம் செய்யும்போது, மூன்றுவித அபாயங்களுக்கு ஆளாகின்றன: சாமான் ஏற்றி இறக்குகையில் படும் அடி, கார் டிக்கியில் அடைபடும் உஷ்ணம், வீடு திரும்பியபின் மூலையில் ஊறும் ஈரம். அடியை நினைத்தே அனைவரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் அது என்றோ ஒரு நாள் படுவது, மற்ற இரண்டுமோ அன்றாடம் மட்டையை அரிப்பவை.

புறப்படுமுன் முதற்காரியம் பரிசோதனை. தலையும் தண்டும் கூடுமிடத்தில் உள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையத்தை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் தலையைவிட்டு மயிரிழையளவு விலகியிருந்தால், உள்ளே அவற்றைப் பிணைத்திருக்கும் எபாக்ஸி பசை இளகியிருக்கலாமென்று சந்தேகித்து, தலையை ஒரு கையாலும் தண்டை மறு கையாலும் பற்றி மெல்லத் திருகிப் பார்ப்பது விவேகம். சிறிது அசைந்தாலும் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆட்டத்தின் நடுவே தலை கழன்று பறந்தால், அபாயம் எதிரே நிற்பவருக்கு.

அடுத்தது கட்டும் முறை. டிரைவர் முதலிய நீண்ட மட்டைகளுக்குத் தலையுறையிட்டு, அயர்ன் மட்டைகளுக்கிடையே துண்டுகளைச் செருகி, தலைப்பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு வாரினால் சேர்த்துக் கட்டிவிட்டால், அவை தனித்தனியே ஆடுவதற்கு இடமிராது. கிராஃபைட் தண்டு பெரும்பாலும் முறிவது தலையை ஒட்டிய அந்தக் கழுத்தில்தான். தலையைக் கழற்றக்கூடிய டிரைவராயின், அதற்குரிய சாவியால் கழற்றித் துணியில் சுற்றி வைப்பது உத்தமம். கெட்டிப் பெட்டி பத்திரமானது, எனினும் சிறிய டாக்சியில் அதனை ஏற்றுவது பிரயாசை. துணியுறையை விரும்புவோர், பையிலுள்ள மட்டைகள் எல்லாவற்றையும்விடச் சற்று உயரமான ஒரு கோலை நடுவே நிறுத்திவிட்டால், பை தலைகீழாக விழும்போது அடியை அது தாங்கிக்கொள்ளும். இதற்கென்றே கடையில் கோல் விற்கிறார்கள். முனையில் துணி சுற்றிய மூங்கில் கம்பும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

விமானத்தில் மட்டைகளைக் கையோடு கொண்டுபோக அனுமதியில்லை. எடை, கட்டண விவரங்களை முன்கூட்டியே விசாரித்து, கட்டுமுன் மட்டைகளைப் படமெடுத்துக்கொண்டு, தூரமானிக்கான உபரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியவுடன் நிலையத்தைவிட்டு வெளியேறுமுன் உறையைத் திறந்து பார்த்து, சேதமிருந்தால் விமானக் கம்பெனியின் முகப்பிலேயே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு உட்பட்ட சர்வதேசப் பிரயாணமாயின், சாமான் கைக்கு வந்த 7 நாட்களுக்குள் புகார் அனுப்பியாக வேண்டும்.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியை மட்டைகளுக்கு நிரந்தர வாசஸ்தலமாக்கிவிடும் வழக்கம் நம்மவரிடம் மிகுதி. பழுது பார்ப்பவர் தலையைக் கழற்ற உஷ்ணத்தையே பிரயோகிக்கிறார் என்பதை அறிந்தவர், சித்திரை வெயிலில் அப்படிச் செய்யத் துணியமாட்டார்.

வீட்டில் வைக்குமுன், மட்டை முகத்துக் கோடுகளில் படிந்த மண்ணை மிருதுவான பிரஷ்ஷாலும் சோப்பு நீராலும் போக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, எஃகுத் தண்டுகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுத் தடவுவது, உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் மிக அவசியம். எண்ணெய் பிடிகளில் படலாகாது, ரப்பர் கெட்டுவிடும். நனைந்த தலையுறையை அப்படியே மாட்டி வைப்பது துருவுக்கு நாமே அழைப்பு அனுப்புவதாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பையை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் நிறுத்தி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது திறந்து காற்றாட விட வேண்டும். பழைய காலத்து மரத்தலை மட்டை வைத்திருப்போர், ஈரத்தில் மரம் உப்பும், அதிக வறட்சியில் வெடிக்கும் என்பதால், அதைச் சமையலறைப் பக்கமும் ஏ.சி.யின் நேர் எதிரிலும் வைக்கலாகாது.

பிடிகளை மட்டும் மாதமொரு முறை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுங்கள். கழுவியும் கையில் வழுக்கும் பிடியை மாற்றிவிடுவதே சிக்கனம்.