மிரட்டலுக்கு ஆளாகும் மாணவர்களுக்கு இன்டர்நெட் வழி குழு சிகிச்சை: வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி?

பள்ளியில் சக மாணவர்களின் கேலிக்கும் மிரட்டலுக்கும் தொடர்ந்து ஆளாகும் பிள்ளைகள் பலர் அதனை வீட்டில் சொல்வதில்லை. தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் இருப்பார்கள். "எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது" என்ற எண்ணமே இவர்களுக்குப் பெரிய சுமை. ஒரே மாதிரி சிக்கலில் இருக்கும் ஆறு முதல் பத்துப் பேரை, ஒரு மனநல நிபுணரின் முன் பேச வைக்கும்போது இந்த எண்ணம் உடைகிறது. இதனைக் குழு சிகிச்சை என்கிறோம். 1905 ல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற டாக்டர் காசநோயாளிகளைக் குழுவாகக் கூட்டிப் பேசியதே இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இன்று இதனை வீடியோ மூலம் வீட்டிலிருந்தே பெறலாம்.

திரை வழியே மனநல ஆலோசனை எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திற்குப் புதிதல்ல. சென்னையில் 1984 ல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பு, 2010 ல் இங்கு ஒரு டெலி சைக்யாட்ரி பஸ்ஸைக் கொண்டு வந்தது. உள்ளே ஆலோசனை அறையும் மருந்தகமும் உண்டு. பஸ் கிராமத்திற்கு வரும். டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார். மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். அது தீவிர மனநோய் உள்ளவர்களுக்கான தனி ஆலோசனை. ஆனால் திரையில் பேசியும் சிகிச்சை பெறலாம் என்பதனை எங்கள் ஊர் மக்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

அறந்தாங்கி பக்கம் உறவினர் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையனின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இவன் இதுல பேசுறது வெளியே யாருக்கும் தெரியாதுல்ல?" மிகச் சரியான கேள்வி. பேசியது வெளியே போனால், மிரட்டுகிறவர்களுக்கு அதுவே புது ஆயுதமாகிவிடும். எனவே கீழ்க்காணும் வழிகளைப் பின்பற்றவும்.

1. நடத்துபவர் யார்? மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணையும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணையும் கேட்டுப் பெறவும். நல்ல நிபுணர் முதலில் பிள்ளையிடம் தனியாகப் பேசிய பின்பே குழுவில் சேர்ப்பார். மிரட்டியவரும் மிரட்டப்பட்டவரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. ஒரே பள்ளி மாணவர்கள் வேறு யாரும் இருக்கிறார்களா என்றும் கேட்கவும்.

2. தனி யூசர் அக்கவுண்ட்: விண்டோஸ் 11 ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் சென்று பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் தரவும். பாஸ்வேர்ட் கட்டாயம்.

3. அறிவிப்புகளை நிறுத்துதல்: திரையின் வலது கீழ் மூலையில் தேதி மீது கிளிக் செய்திடவும். மேலே வரும் பேனலில் மணி ஐகானை கிளிக் செய்தால் இடையில் மெசேஜ்கள் தலைகாட்டாது.

4. ஹெட்போன்: ஸ்பீக்கரில் கேட்டால் மற்ற பிள்ளைகள் பேசுவது உங்கள் வீடு முழுக்கக் கேட்கும். ஹெட்போன் உங்கள் பிள்ளைக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. பெற்றோர் அருகில் நின்று கேட்க வேண்டாம்.

5. பெயர்: ஜூம் மீட்டிங்கில் நுழையும் முன் பெயர் கேட்கும் கட்டத்தில், நிபுணர் அனுமதித்தால், முழுப் பெயருக்குப் பதில் முதல் பெயரை மட்டும் தரலாம். நிபுணரிடம் மட்டும் உண்மையான பெயர், முகவரி, பெற்றோர் எண் இருக்க வேண்டும். அவசரத்தில் அவர் உங்களை அழைக்க இதுவே வழி.

6. வெயிட்டிங் ரூம்: இதனை இயக்கினால் நடத்துபவர் அனுமதித்தவர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். எல்லாரும் வந்ததும் லாக் மீட்டிங் கொடுத்துப் பூட்டலாம். 2020 ல் முன்பின் தெரியாதவர்கள் ஜூம் மீட்டிங்குகளில் நுழைந்து கலாட்டா செய்தது நினைவிருக்கலாம். லிங்க்கை யாருக்கும் பார்வர்ட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் குழு அமைத்தால் எல்லார் போன் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடவும்.

7. ரெகார்டிங்: ஜூமில் பதிவு செய்தால் திரையில் அறிவிப்பு வரும். ஆனால் எதிரே ஒருவர் மொபைலை வைத்துப் படம் பிடித்தால் எந்த சாப்ட்வேரும் தடுக்காது. சாப்ட்வேர் துறையில் இருப்பவன் என்பதால் இதனை மறைக்காமல் சொல்கிறேன். அதனால்தான் முதல் நாளே "இங்கே பேசியது இங்கேயே" என்ற உறுதியை எல்லாரிடமும், பெற்றோரிடமும் பெறுவது அவசியம். 2017 ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருக்க உரிமை தருகிறது. ஒரு விதிவிலக்கு: பாலியல் தொல்லை பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நிபுணர் புகார் அளித்தே ஆக வேண்டும். இதனைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மிரட்டல் இன்டர்நெட் வழியே வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தினால், பிக்சர்ஸ் போல்டரில் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் சேமிக்கப்படும். புகார் தர இதுவே சாட்சி.

குழு சிகிச்சை பிள்ளைக்குத் தெம்பு தரும்; மிரட்டலை நிறுத்தாது. அதற்குத் தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை "வாழவே பிடிக்கவில்லை" என்று சொன்னால் குழு கூடும் நாள்வரை காத்திருக்காதீர்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகே ஒட்டி வையுங்கள்.