70 முழமா, 11 சாணா?

டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. நல்லதண்ணி பஸ்ஸில் நாலு மதத்தாரும் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது மலையைப் பற்றிய பேச்சும் கூடவே வரும். ஆதாம் மலை என்ற பெயர் வெள்ளைக்காரத் துரைமார் வைத்தது என்பார் ஒருவர். அந்தக் காலத்து முஸ்லிம்களுக்கு வியாபாரத்தைத் தவிர வேறென்ன தெரியும் என்பார் இன்னொருவர். இதற்கு நேரெதிராக, பூஜ்யத்திலிருந்து எல்லாமே பாக்தாத்தில் பிறந்ததாகச் சொல்லும் செய்திகளும் கைபேசிகளில் சுற்றுகின்றன. மூன்றும் பிழை. முதல் இரண்டையும் திருத்த இந்த மலையும் அதைச் சுற்றி விளையும் தேயிலையுமே போதும்.

"ஆதாம் மலை வெள்ளைக்காரன் வைத்த பெயர்"

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சீனா, இந்தியா பற்றிய செய்திகளைத் தொகுத்துச் சொல்லும் 'அக்பார் அஸ்ஸீன் வல்ஹிந்த்' என்ற அரபு நூலின் காலம் கி.பி. 851. சுலைமான் என்ற வணிகரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த நூலிலேயே சரந்தீபின், அதாவது இலங்கையின், மலையும், அதன் உச்சிப் பாறையில் ஆதாமின் பாதம் பதிந்த கதையும் வந்துவிடுகின்றன. பாதத்தின் நீளம் சுமார் 70 முழம் என்று சொல்லப்படுவதாக அது எழுதுகிறது. கப்பற்காரர் வாய்வழி கேட்ட சங்கதி, அப்படித்தான் இருக்கும். ஐரோப்பியர் ஆதாம் கதையைக் கேட்டுக்கொண்டதே முஸ்லிம்களிடமிருந்துதான். மார்க்கோ போலோவும் அதைச் சரசேனியர், அதாவது முஸ்லிம்கள், சொல்வதாகத்தான் எழுதினார்.

"அவர்கள் வெறும் வியாபாரிகள்"

1304இல் மொரோக்கோவின் தஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா வியாபாரி அல்லர். சட்டம் படித்தவர், மாலைதீவில் நீதிபதியாக இருந்தவர். 1344இல் அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பல் திசைமாறிப் புத்தளம் பக்கம் வந்து சேர்ந்தது. அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்தின் தமிழ் அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. அரசருக்குப் பாரசீகம் புரிந்தது என்று பதூதா குறித்திருப்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு தமிழ் அரசர், பாரசீகத்தில், மொரோக்கோக்காரரிடம் பிற நாட்டு அரசர்களின் கதை கேட்டுக்கொண்டிருக்கிறார். நமது பாடப் புத்தகங்களில் இந்தக் காட்சிக்கு ஏன் இடமில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்பதுதான் விருந்தாளியின் ஒரே ஆசை. அரசர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், பரிவாரத்தார் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர் என்று கூட அனுப்பினார். மலைக்கு ஏற இரண்டு வழிகள்: ஆதாமின் பெயரால் பாபா வழி, அவர் துணைவி ஹவ்வாவின் பெயரால் மாமா வழி. மாமா வழி சுலபம். பாபா வழி கடினம், அதில் ஏறாதவனை மலை ஏறியவனாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏற்றத்தில் 10 சங்கிலிகள். கடைசிச் சங்கிலியில் நின்று கீழே பார்த்தவன் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஷஹாதா என்ற கலிமாவைச் சொல்லிவிடுவதால் அதற்கு ஷஹாதாச் சங்கிலி என்றே பெயர்.

உச்சியில் அவர் கண்ட பாதம் 11 சாண். முந்திய நூலின் 70 முழம் நேரில் போய்ப் பார்த்தவரின் குறிப்பில் 11 சாணாகிவிட்டது. பக்தியோடு போனவர்தான், ஆனாலும் அளவைக் கூட்டவில்லை. வழியில் ஒரு மரத்தின் இலையைத் தின்றால் கிழவனும் வாலிபனாவான் என்று சிலர் அதன் கீழ் காத்துக் கிடந்ததையும் எழுதி, அது பொய் என்றும் எழுதிவைத்தார்.

நம் தோட்டத்துப் பெண்கள் படித்தால் சிரிப்பார்கள் என்று நான் நினைக்கும் இடம் ஒன்று பதூதாவின் குறிப்பில் உண்டு. புல்லிலும் மரத்திலும் இருந்து ஆள்மேல் தாவும் அட்டை. கடித்த இடத்தில் இரத்தம் நிற்காது. அதற்காகவே ஜனங்கள் தேசிக்காயைக் கையில் வைத்திருந்து பிழிகிறார்கள், உடனே அட்டை விழுந்துவிடுகிறது. பிறகு அந்த இடத்தை மரக்கத்தியால் சுரண்டுகிறார்கள். இது 14ஆம் நூற்றாண்டுக் குறிப்பு. மழைக்காலத்தில் படங்கு கட்டி, காலில் சவர்க்காரமோ உப்போ தேய்த்துக்கொண்டு கொழுந்து பறிக்க இறங்குபவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. அட்டை பறக்கும் என்று அவர் எழுதியது மட்டும் தவறு.

"தேயிலையை உலகுக்குச் சொன்னது இங்கிலீஷ்காரன்"

ஆதாம் மலையைச் சொன்ன அதே 851ஆம் ஆண்டு நூலில் தேயிலையும் இருக்கிறது. சீன மன்னனுக்கு உப்பிலிருந்தும் ஒரு வகை இலையிலிருந்தும் வருமானம் வருகிறதாம். எல்லா நகரங்களிலும் நல்ல விலைக்கு விற்கும் அந்த இலைக்குக் கொஞ்சம் மணமும் கசப்பும் உண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன் மேல் ஊற்றிக் குடிக்கிறார்களாம். கிழக்காசியாவுக்கு வெளியே தேநீரைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து இதுதான். ஐரோப்பாவில் தேயிலை அச்சேறியது 1559இல், வெனிஸின் ராமுஸியோ தொகுத்த நூலில். அவருக்கு அதைச் சொன்னவரும் ஹாஜி முகமது என்ற பாரசீக வணிகரே. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட 1867க்கும் அந்த அரபு வரிகளுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்.

கோப்பியையும் சொல்லிவிடலாம். நம் முன்னோர் முதலில் கூட்டிவரப்பட்டது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1824இல் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் போட்ட தோட்டத்தோடு தொடங்கி, 1869இல் தென்பட்ட இலைத்துரு நோயால் அழிந்த பயிர் அது. அதைப் பானமாக்கிப் பரப்பியவர்கள் 15ஆம் நூற்றாண்டு யெமனில் இரவு வணக்கத்துக்காகக் கண்விழித்திருந்த சூஃபிகள்.

"கிரேக்கப் புத்தகங்களைப் பாதுகாத்தார்கள், அவ்வளவுதான்"

படித்தவர்களே முஸ்லிம் அறிஞர்களைப் பற்றி அதிகம் சொல்லும் தப்பு இது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியியல் பற்றி 7 பாக நூல் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்ற யூக்ளிட், தாலமியின் கருத்தை மறுத்து, ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று காட்டினார். அவர் செய்த சோதனை ஒன்றை லயத்து அறையிலேயே செய்து பார்க்கலாம். இருட்டறைச் சுவரில் சிறு துவாரம். வெளியே வரிசையாகச் சில விளக்குகள். எத்தனை விளக்கோ, உட்சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள். ஒன்றை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். ஒளிகள் ஒரே துளையில் புகுந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது அதில் தெரிகிறது.

மலைநாட்டாருக்கு இன்னும் பிடிக்கக்கூடியது அதே காலத்து அறிஞர் அல்பிரூனியின் கணக்கு. இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டை அருகே ஒரு குன்றின் உயரத்தை முதலில் அளந்தார். பிறகு உச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்தைவிட எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்: 34 கலை. இந்த இரண்டு எண்களிலிருந்து முக்கோணவியலால் பூமியின் ஆரத்தைக் கணித்தார். பாலைவனத்தில் நடந்து அளக்க வேண்டியதில்லை என்று அவரே பெருமையாகச் சொன்ன வழி. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். வானம் தெளிந்த காலையில் மேற்கே கடல் தெரியும்போது அங்கே நின்று அளந்தால் தாழ்வு சுமார் ஒன்றரைப் பாகை வரும்.

பிரூனியின் விடை இன்றைய அளவுக்கு 99 சதவீதம் சரி என்று பரப்புகிறார்கள். அதை நம்ப வேண்டாம். அவர் பயன்படுத்திய முழத்தின் நீளம் நமக்கு உறுதியாகத் தெரியாது. காற்றில் ஒளி வளைவதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. வழிமுறைதான் சாதனை.

"பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது அரபியர்"

பூஜ்யத்தோடு கணக்குச் செய்யும் விதிகளைப் பிரம்மகுப்தர் 628இலேயே எழுதிவிட்டார். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறை என்று சொல்லியேதான் அதை விளக்கினார், கடனை மறைக்கவில்லை. அவருடைய சொந்தச் சாதனை அல்ஜீப்ராவைத் தனித் துறையாக்கியது. இஸ்லாமிய நாகரிகத்தில் உழைத்த எல்லோரும் அரபியரும் அல்லர், முஸ்லிம்களும் அல்லர். மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். கணித மேதை தாபித் இப்னு குர்ரா ஹர்ரான் ஊரின் சாபிய மதத்தவர். பிரூனியின் தாய்மொழி குவாரஸ்மியம். அவர் சமஸ்கிருதம் கற்றே இந்தியாவைப் பற்றி எழுதினார்.

மலையகத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதூதாவின் இலங்கைப் பகுதி சில பக்கங்கள்தான்; ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்த சீசனுக்கு முன் ஒரு பாடவேளையில் அதைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். அட்டையும் தேசிக்காயும் வரும் இடத்தை விட்டுவிடாதீர்கள்.