நைலான் சாட்டைப் பின்னல் தளராமலிருக்க

பாராகார்டு எனப்படும் மெல்லிய பாராசூட் கயிற்றால் அலங்காரச் சாட்டை பின்னிப் பழகுவோருக்கு, நுனி பிரிவதும் நடுப்பகுதி புடைப்பதுமே ஓயாத தொல்லைகளாகும்.

1. பின்னத் தொடங்குமுன், கயிற்றின் உறைக்குள் ஓடும் வெண்ணிற உள்நூல்களை (550 வகையில் பொதுவாக 7) உருவிவிடுக. உள்ளீடு நீங்கிய உறை தட்டையாகப் படிந்து இடைவெளியை அடைத்துவிடும்.

2. வெட்டிய நுனியைத் தீயில் லேசாகக் காட்டி, உருகியவுடன் பழைய கரண்டியின் முதுகால் அழுத்துக. உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடுமாதலால் விரலால் உருட்டுவது கூடாது.

3. பிடியிலிருந்து நுனி நோக்கிச் சாட்டை மெலிவதற்கு, இடையிடையே சில புரிகளைப் பின்னலிலிருந்து விலக்கி உள்ளே மறைக்கும் ‘புரி குறைத்தல்’ என்னும் முறையைக் கையாளுக. 8 புரியை 6 ஆகவும், பின்னர் 4 ஆகவும் குறைக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக விலக்கினால்தான் பின்னல் ஒருபுறம் சாயாது. விலக்கிய இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டாமல் சற்று முன்பின்னாக வெட்டினால், அவ்விடத்தில் படிபோன்ற மேடு தோன்றாது. பொறுமை மிகுதியாகத் தேவைப்படும் கட்டம் இதுவே.

4. நைலான் வழுக்கும் தன்மையுடையதாதலால், ஒவ்வொரு புரியையும் ஒரே அழுத்தத்தில் இழுத்து, வேலையை நிறுத்தும்போதெல்லாம் இறுகக் கட்டிவைக்க.

5. முடிந்த சாட்டையை இரு பலகைகளுக்கிடையே வைத்து உருட்டுக, மேடுபள்ளம் அமுங்கும்.

6. நேர்வெயில் படாத சுவரில் மாட்டுக. புற ஊதாக்கதிர் நைலானை நலிவுறச் செய்து நிறத்தையும் வெளிறச் செய்யும்.